நொடிக்குப் பதினொன்று

வால்டிவியாவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
நிலநடுக்க ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில்
மூன்றாம் இரவாக
டேப் டிரைவ் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்,
நனைந்த காலுறையைக் கழற்றி
சர்வரின் வெந்நீர்மூச்சில் காயப்போட்டு.

விடிவதற்குள் முடிய வேண்டிய பேக்கப்
நண்பகலிலும் முக்கிக்கொண்டிருக்கிறது.
நொடிக்கு நூற்றிருபது மெகாபைட் விழுங்கும் வாய்க்குள்
பதினொன்றுதான் இறங்குகிறது.
பத்தும் இல்லை, பதினைந்தும் இல்லை.
ஆழாக்கில் அளந்து ஊற்றியதுபோல் பதினொன்று.
அந்த எண்ணை அன்றே
உற்றுப் பார்த்திருக்க வேண்டும் நான்.

காது கொடுத்தால் நோய் தெரியும்:
விர்ரென்று ஓடும். நிற்கும்.
பின்னால் போகும். விட்ட இடத்தைத் தேடும்.
மறுபடி விர்ர்.
ஓடுகிற நாடாவுக்குச் சட்டென நிற்க வராது;
அடுத்த கவளம் தாமதித்தால்
தாண்டிப் போய், திரும்பி வந்து,
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.
ஷூ துடைக்கிறது என்போம் எங்கள் தொழிலில்.
ஒரு நாட்டின் நடுக்கத்தையெல்லாம்
பத்திரப்படுத்த வாங்கிய பெட்டி
தானே நடுங்கிக்கொண்டிருந்தது.

யனெத் சொன்னாள், தலையில் அழுக்கு.
துடைக்கும் கேசட்டைப் போட்டோம். பதினொன்று.
புது நாடா பிரித்தோம். பதினொன்று.
டிரைவரை மாற்றி, வைரஸ் காவலனை உறங்கவைத்து,
கன்ட்ரோலர் கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினோம்.
பதினொன்று.
புது டிரைவுக்கு சாந்தியாகோவிலிருந்து
விலைப்பட்டியல் வந்தது.
இயக்குநர் அதைப் படித்துவிட்டு
ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார், வெகுநேரம்.

வேறு வழி தோன்றாமல் நேற்றிரவு
சர்வரின் சொந்த வட்டிலிருந்தே
ஒரு பெரிய கோப்பை ஊட்டிப் பார்த்தேன்.
நூற்றுப் பதினெட்டு!
நிற்காமல், திரும்பாமல்,
ஒரே சுருதியில் ஓடியது நாடா.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இவள் ஆடத் தெரிந்தவள்.
கூடம்தான் கோணல்.
பட்டினி கிடந்தவளை
மந்தம் என்று வைதிருக்கிறோம் மூன்று நாள்.

அப்புறம்தான் சுவிட்சைப் பார்த்தேன்.
பச்சை எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள்.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள்.
ஒன்று ஒடிந்தால் ஊமையாகிவிடாது;
மீதியில் நான்கைப் பொறுக்கிக்கொண்டு
பத்தில் ஒரு பங்கு வேகத்தில்
மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்.
முழுதாக அறுந்திருந்தால்
முதல் இரவே பிடித்திருப்போம்.

டார்ச்சோடு மண்டியிட்டு
சுவரோரம் கேபிளைத் தொடர்ந்தேன்.
கதவைத் தாண்டி, வாளியைத் தாண்டி
(வாளியில் சொட்டு, சொட்டு),
பக்கத்து அறையில்
ஒரு இரும்பு அலமாரியின் காலடியில்
நசுங்கிக் கிடந்தது.

ஞாயிறு இரவு கூரை ஒழுகியதாம்.
காவலாளி ரோதெமில்
அந்த அலமாரியைத் தன்னந்தனியாக நகர்த்தியிருக்கிறார்,
அரை ஆள் உயரம்கூட இல்லாதவர்போல் கூனிய மனிதர்.
உள்ளே பழைய காகிதச் சுருள்கள்:
கணினி வருமுன்
ஊசி கீறிய அதிர்வுகள்.
நகல் இல்லாதவை. ஒன்றும் நனையவில்லை.

என்ன சொல்வது அவரிடம்?
"இதைக் கொஞ்சம் தூக்க உதவுங்கள்" என்றேன்.
ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
"ஒன் துவான் த்ரே" என்று எண்ண ஆரம்பித்தார்,
எந்த மொழியென்று கேட்கவில்லை, தூக்கினேன்.

புதுக் கேபிள். பச்சை விளக்கு.
விர்ர் என்று எழுந்த ஒலி
அப்படியே நீண்டு, மெலிந்து,
மழைச்சத்தத்தில் கலந்துபோனது.

ரோதெமில் வாசலில் நின்று தலை சாய்த்துக் கேட்டார்.
மூன்று இரவாக அந்தத் திக்கலுக்குப் பழகிய காது.
"சத்தமே இல்லையே," என்றார் கவலையோடு,
"கெட்டுப்போச்சா?"